சாக்கடை மேல் போட்ட தகடு

முத்தாபுதுப்பேட்டை
8-1-1989

வீரராகவனுக்கு,

பிள்ளையார் சுழி போடவில்லை. வைவதற்கென்று உட்கார்ந்தவளுக்குச் சுழி எதற்கு? நலம், நலமறிய ஆவல் என்றும் எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஓசூரில் தனி மேஜை, தனி நாற்காலி, கம்பெனி வீடு எல்லாம் கொடுத்திருப்பதாக அப்பா சொன்னார். கொடுக்காமல் என்ன? அவர்களுக்கு வேண்டியதை நீ சொன்னாய், உனக்கு வேண்டியதை அவர்கள் கொடுத்தார்கள்.

நேற்று காலை பால்ராஜ் பெண்டாட்டி அன்னம்மாள் எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். ஒரே தெரு, பத்து வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் நாங்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. "என் புருசன் மண்ணுக்குள்ள கீறான், உன் புருசன் ஊட்டுக்குள்ள குந்திகினு கீறான். மூடிய மாட்டாத மெஷினை ஓட்டி என் தாலிய அறுத்தான். நானா சொல்றேன்? உன் கூடப்பொறந்தவனே சொல்லிட்டானே!" என்றாள். நீதான் அவள் கையில் மண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாயே.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் உன் மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வலது காது போனது போனதுதான். இடது காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. "அவ சொல்றது சரிதான் பஞ்சு. நான்தான் மாட்டாம வுட்டுட்டேன் போல கீது" என்கிறார். விபத்து நடந்த அன்றும் அதற்கு முதல் நாள் ஆயுத பூஜையன்றும் நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. தலையில் அடிபட்டவருக்கு எப்படி இருக்கும்? நினைவில்லாத இடத்தில் நீங்கள் சொன்னதை எடுத்து வைத்துக்கொண்டு, பால்ராஜைக் கொன்றது தானேதான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்.

பதினேழு வருஷமாக ஆயுத பூஜைக்கு டெஸ்ட் ரூம் புளோயர் மெஷினின் மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவது அவர்தான். ஒரு வருஷம் மறந்திருக்கிறாரா? டிப்ளமா சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொண்டு குத்தம்பாக்கத்தில் தாயம் ஆடிக்கொண்டிருந்தவனை மேனேஜர் ரகுநாதன் முன்னால் நிறுத்தி, "என் மச்சான் சார், கெட்டிக்காரன்" என்று சொன்னாரே, அந்த ஒரு தப்பைத் தவிர வேறு தப்பு அவர் செய்து நான் பார்த்ததில்லை.

பஞ்சவர்ணம்

*

ஓசூர்
15-1-1989

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றுதான் எழுதுகிறேன். பொங்கல் அன்று உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பொங்கலை வாயில் வைக்கவில்லை. உனக்குத் திருப்திதானே?

மாற்றல் பேச்சு ஆடி மாதமே வந்தது. விபத்து ஐப்பசியில். நான் விலை போனவன் என்று இன்னொரு முறை எழுதினால் பதில் வராது.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். விஜயதசமி அன்று காலை பூசணிக்காய் உடைத்து, முதல் ஓட்டம் என்று காற்றை ஊதும் புளோயரை ஓட்டினார்கள். உள்ளே சுற்றுவது அலுமினியச் சக்கரம். அது வெடித்தது. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது ரூம் முழுக்கப் புகையும் தூசியும். மாமா சுவரோரம் மயங்கிக் கிடந்தார். பால்ராஜை அதற்குள் அந்த மூடித் தகட்டின் மேலேயே போட்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் மாதிரி நாலு பேர் அதையே தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினோம். அதில் நானும் ஒருவன். என் சட்டையில் அவன் ரத்தம். மெஷினில் மூடி இல்லை, ஒரு போல்ட்கூட இல்லை. கம்பெனி விசாரணையில் கேட்டார்கள்: மூடி எங்கே இருந்தது? கீழே இருந்தது என்றேன். பார்த்ததைச் சொன்னேன். பார்க்காததைச் சொல்லியிருக்க வேண்டுமா?

உனக்கு உலோகம் தெரியாது, அதனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அலுமினியம் இரும்பில் மோதினால் அலுமினியம்தான் நசுங்கும். எடை மூன்றில் ஒரு பங்கு, கடினம் அதைவிடக் குறைவு. மூடி மூன்று மில்லி இரும்புத் தகடு. அது மாட்டியிருந்தால் அலுமினியத் துண்டு அதில் பட்டு அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளேயே விழுந்திருக்கும். பால்ராஜ் நெஞ்சுக்கு வந்திருக்காது. மாமாவைப் பழி சொல்ல எனக்கு ஆசையா? என் ஒழுகுகிற மூக்கைத் துடைத்துவிட்ட மனுஷன் அவர். ஆனால் உண்மை உண்மைதான். மனுஷனுக்கு மறதி வரும். அதை ஒப்புக்கொண்டால் உனக்கும் அவருக்கும் நல்லது.

வீரராகவன்

*

முத்தாபுதுப்பேட்டை
24-1-1989

வீரராகவா,

ஒப்புக்கொண்டால் நல்லதா? வந்து பார். ஒப்புக்கொண்டவர் எப்படி இருக்கிறார் என்று வந்து பார்.

சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையையே பார்க்கிறார். "இந்தக் கைதான்" என்கிறார். எழுந்து தோட்டத்துப் பக்கம் போனால் நானும் பின்னால் போகிறேன். கிணற்றடியில் அவர் நின்றால் நானும் நிற்கிறேன். "இன்னாத்துக்கு என் பின்னாலியே வர்ற?" என்கிறார். துணி காய வைக்க என்கிறேன். கையில் துணி இருக்காது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதுதான் நீ சொல்லும் நல்லது.

பார்த்ததைச் சொன்னாயாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று மூன்றாம் வகுப்பில் நீ ராகம் போட்டுக் கத்துவாயே, அது பரீட்சைக்கு மட்டும்தானா? மூடி கீழே கிடந்தது என்றாய். எப்படிக் கீழே வந்தது என்று பார்த்தாயா? வெடித்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் உடைத்த பூசணிக்காயையே மறைக்கிறீர்கள்.

எனக்கு உலோகம் தெரியாது. வாழைப்பழம் தெரியும். போன வருஷம் சென்ட்ரலிலிருந்து லோக்கலில் வந்தபோது வில்லிவாக்கம் தாண்டி எதிரே போன மெயிலிலிருந்து எவனோ வீசிய வாழைப்பழம் உன் தாடையில் பட்டது. அரைப் பழம்தான். தாடை வீங்கி, பல் ஆடி, நான் ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தேன். பழம் மெத்தென்றுதானே இருக்கும்? உன் பல் அதைவிடக் கெட்டிதானே? அன்று மட்டும் ஏன் ஆடியது? மெத்தென்று இருப்பதெல்லாம் நசுங்கிவிட்டுப் போய்விடும் என்றால் உன் தாடைக்கு என்ன கேடு வந்தது?

அந்தத் தகடு எங்கே? அதை மட்டும் எழுது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணை இன்னும் பாக்கி இருக்கிறது. கம்பெனியில் போய்க் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டது என்று ரகுநாதன் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நீயாவது என் முகத்தைப் பார்த்துச் சொல். கடிதத்தில் பார்க்க முடியாது என்று தப்பித்துக்கொள்ளாதே.

பஞ்சவர்ணம்

*

ஓசூர்
1-2-1989

அக்கா,

வாழைப்பழத்தை வைத்து இன்ஜினியரிங் பேசுகிறாய். உனக்கு அலுமினியம் என்றால் சட்டி, இரும்பு என்றால் தோசைக்கல். இதற்கு மேல் உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

தகடு எந்தக் காயலான் கடைக்கும் போகவில்லை. ரகுநாதன் சாருக்குத் தெரியாமல் இருக்கலாம். பால்ராஜை வேனில் ஏற்றியதும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டுக்கு வெளியே போட்டுவிட்டோம். அப்புறம் கலியமூர்த்தி டீக்கடை முன்னால் சாக்கடை மேல் நடக்கப் போட்டிருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டே அதன் மேல்தான் நடக்கிறது. ஓசூர் கிளம்பிய அன்று நானும் அதன் மேல் நடந்து போய்த்தான் டீ குடித்தேன். நடுவில் வழுக்காமல் இருக்கவோ என்னவோ ஒரு கருங்கல்லை வைத்திருந்தார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம். மற்றபடி தகடு தகடாகத்தான் இருக்கிறது.

போய்ப் பார். நன்றாகக் குனிந்து பார். அதில் நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை என்று தெரிந்ததும், என்னைப் பேசிய பேச்சுக்கெல்லாம் ஒரே ஒரு வரி எழுது. போதும்.

வீரராகவன்

*

முத்தாபுதுப்பேட்டை
12-2-1989

வீரராகவா,

ஒரே ஒரு வரி கேட்டாய். ஒரு வரியில் முடிகிற சங்கதியா இது? உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

உன் கடிதம் வந்த மறுநாள் அன்னம்மாள் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்தினாள். நான் காலை நடுவில் வைத்துவிட்டேன். "கால எட்றீ, நசுங்கிடும்" என்றாள். நசுங்கட்டும், என்னோடு அம்பத்தூர் வா, அங்கே ஒரு தகடு இருக்கிறது, உன் புருஷனைத் தூக்கிப்போன தகடு, அதைப் பார்த்துவிட்டு அப்புறம் தூற்று, எத்தனை கூடை மண் வேண்டுமானாலும் நானே சுமந்துவந்து தருகிறேன் என்றேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போனோம்.

கலியமூர்த்தி கடை முன்னால் தகடு கிடந்தது. ஷிப்டு விடுகிற நேரம். ஆள் மேல் ஆளாக அதன் மேல் நடந்து போகிறார்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நடுவில் நீ சொன்ன கருங்கல். நான் குனிந்து கல்லைத் தள்ளினேன். கலியமூர்த்தி பாய்லரை விட்டு ஓடிவந்தான். "யக்கா, யக்கா, அத்த நகத்தாதே! கால் மாட்டிக்கும்னுதான் கல்லே வச்சிகீறேன். உள்ள ஓட்ட கீது!"

வழுக்காமல் இருக்க இல்லையடா. ஓட்டை.

என் கை உள்ளே போகும் அளவு ஓட்டை. விளிம்பெல்லாம் உள்பக்கம் மழுங்கி, ஈயம் பூசியது மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. உன் அலுமினியம் அப்பளமாக நொறுங்கவில்லை. இரும்பிலேயே அப்பிக்கொண்டு போயிருக்கிறது.

புரட்டச் சொன்னேன். கலியமூர்த்தியும் வேலை விட்டு வந்த இரண்டு பேரும் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். சாக்கடைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பியது. அடியில் இருந்ததுதான் மூடியின் வெளிப்பக்கம், அங்கே இரும்பு கிழிந்து பூ மாதிரி விரிந்திருந்தது. உள்ளேயிருந்து வெளியே வந்தது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? மூடி கீழே கிடந்திருந்தால் அந்தத் துண்டு எதைக் கிழித்துக்கொண்டு வந்தது? நீ டிப்ளமா, நீ சொல்.

இன்னும் இருக்கிறது. போல்ட் போடுகிற ஓட்டைகள் எட்டும் கிழிந்து நீண்டிருந்தன. கழற்றினால் வட்டமாகத்தானே இருக்கும்? ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்புப் பெயிண்ட், பாதி நிலா மாதிரி. எனக்குப் புரியவில்லை. அன்னம்மாள்தான் சாக்கடை ஓரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் ஒரு பொட்டைத் துடைத்தாள். "இது அவுரு வச்சது" என்றாள்.

உனக்கும் தெரியும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைப்பது பால்ராஜ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், ஆனாலும் கை நடுங்காமல் வட்டமாக வைப்பான் என்று அவனிடம்தான் கொடுப்பார்கள். புளோயர் காற்றுக்குக் குங்குமம் நிற்காது என்று சிவப்புப் பெயிண்டைத் தொட்டு வைப்பான். போல்ட்டை முறுக்கின பிறகுதான் வைக்க முடியும். போல்ட் தலையில் பாதி, தகட்டில் பாதி. தலைகள் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. தகட்டில் பாதி அப்படியே இருக்கிறது. உன் மாமா மூடியை மாட்டியிருக்கிறார். மாட்டியதற்குப் பால்ராஜே பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அன்னம்மாள் அழவில்லை. "இத்து மேலயா அவர வச்சித் தூக்குனாங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கம்பெனிக்குள் யாரோ போய்ச் சொல்லி, வேனோடு நாலு பேர் வந்தார்கள். கம்பெனிச் சொத்து, எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். அவள் அந்த ஈரத் தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "நாலு மாசமா சாக்கடைக்குப் போட்டப்ப எவனுக்கும் சொத்தாத் தெரியல. என் புருசன் படுத்த எடம் இது. எவன் எடுக்கறான்னு நானும் பாக்கறேன்" என்றாள். ஷிப்டு விட்ட கூட்டம் மொத்தமும் நின்றது. வேன் திரும்பிப் போயிற்று.

அவளும் நானும் இப்போது முறை வைத்துக்கொண்டு அங்கே உட்காருகிறோம். கலியமூர்த்தி டீ கொடுக்கிறான். இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டாயிற்று. சாக்கடைத் தகடு எங்கள் மூடியே இல்லை என்கிறது கம்பெனி. அது எந்தத் தகடு என்று சொல்லக் கூடியவன் ஒருவன் இருக்கிறான். அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். அவன் ஓசூரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

பஞ்சவர்ணம்

*

ஓசூர்
20-2-1989

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன்.

இங்கே சக்கரங்களை வேண்டுமென்றே வேகத்தை ஏற்றிச் சுற்றவிட்டுப் பார்க்கிற குழி ஒன்று இருக்கிறது. சுற்றிலும் தடித்த இரும்பு வளையம். அதை ஒட்டித்தான் தினம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். எப்போதோ வெடித்த சக்கரத்தின் அடையாளம் அதில் இருக்கிறது. இறக்கை நுனி பட்ட இடமெல்லாம் வெறும் கீறல். மெல்லியது, மடங்கி விழுந்திருக்கிறது. நான் சொன்ன அப்பளம் அதுதான். ஆனால் அச்சு கோக்கிற நடுக் குடத்தின் கனத்த துண்டு பட்ட ஒரு இடத்தில் இரும்பு வெளியே புடைத்து, வெள்ளை அப்பிக்கொண்டு நிற்கிறது. ஒரு அங்குல இரும்பே புடைத்திருந்தால் மூன்று மில்லி எம்மாத்திரம்? மெத்தென்று இருப்பதற்கும் நேரம் வேண்டும் அக்கா. அந்த வேகத்தில் அலுமினியத்துக்கு நசுங்க நேரம் இல்லை. அதற்குள் இரும்பு வழி விட்டுவிடுகிறது. இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்ததைப் பால்ராஜ் மேல் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ரகுநாதன் "அலுமினியம்பா, இரும்பைத் துளைக்குமா?" என்றான், நானும் தலையாட்டினேன். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்த வளையத்தில் தலையை முட்டிக்கொள்ளலாம்.

நேற்று அவன் டிரங்க் கால் போட்டான். "சாக்கடை மூடிக்கெல்லாம் சாட்சி சொல்லக் கிளம்பாதே, புள்ளகுட்டிக்காரன்" என்றான். காயலான் கடைக்குப் போனது என்று என் அக்காவிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன். அப்புறம் நான் போட்ட சத்தத்தில் ஆபீசே எழுந்து நின்றது. என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், நீ பொம்பளை.

இன்ஸ்பெக்டருக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பிவிட்டேன். அந்தத் தகட்டின் வலது முனையைப் பிடித்துத் தூக்கியவன் நான், அடையாளம் சொல்வேன் என்று எழுதியிருக்கிறேன். வேலை போனால் போகிறது.

மன்னிப்பு என்று எழுத வரவில்லை. எழுதினால் நீ மன்னித்துவிடுவாய். எனக்கு அது இப்போது வேண்டாம். மாமாவிடம் சொன்னாயா? அவர் என்ன சொன்னார்? அதை மட்டும் எழுது.

வீரராகவன்

*

முத்தாபுதுப்பேட்டை
27-2-1989

வீரராகவா,

உன்னை மன்னிக்கிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கிறது. உன் கடிதம் இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று அன்னம்மாள் சொல்கிறாள். நான் அதையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்து தகட்டுக்கு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன் நாள் உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சொன்னால் நம்பவில்லை. "என்னத் தேத்தறதுக்கு நீ சொல்ற" என்றார். நாலு மாதத்துக்குப் பிறகு தெருவில் இறங்கினார். அன்னம்மாள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார். அவள் அங்கே இல்லை, டீக்கடையில் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

இவரைப் பார்த்ததும் தகட்டை விட்டு எழுந்து தள்ளி நின்றாள். "பாருண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

உன் மாமா முதலில் ஓட்டையைத் தொடவே இல்லை. பொட்டுகளைத்தான் தொட்டார். ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பொட்டில் விரல் நின்றது. "நான் டைட் வச்சிட்டு எறங்குவேன். அவன் பெயிண்ட் டப்பாவோட நிப்பான். 'முடிச்சிட்டியா மாமே, பொட்டு வெக்கலாமா?'ன்னு கேப்பான். நான் சொல்லாம அவன் வெக்க மாட்டான் பஞ்சு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "நான் சொல்லாம வெக்க மாட்டான், நான் சொல்லாம வெக்க மாட்டான்." அப்புறம் நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். இத்தனை நாளும் அவர் பால்ராஜுக்காக அழவே இல்லை. கொன்றவனுக்கு அழ என்ன பாத்தியதை என்று அடக்கி வைத்திருந்திருக்கிறார். அன்றைக்குத்தான் சிநேகிதன் செத்துப்போனது அவருக்குத் தெரிந்தது.

நேற்று கிணற்றடிக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை. அடுப்படியில் நின்று வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்து சோறு கேட்டார்.

மார்ச் ஆறாம் தேதி விசாரணை. ஆவடியில் இறங்கி நேரே வா. முதலில் அன்னம்மாள் வீட்டுக்குப் போ. அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அப்புறம் இங்கே வா. சோறு போடுவேன். பேசுவேனா என்று தெரியாது. எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறுமா என்றும் தெரியவில்லை.

நீ வருவதாக உன் மாமாவிடம் சொன்னேன். "பையன் பயந்துட்டிருப்பான், திட்டாதே" என்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தத் தகட்டின் மேல் நடந்து போய் நீ டீ குடித்ததை மட்டும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

பஞ்சவர்ணம்